இருளப்பன் கேட்ட பத்து நாள்

ஜூன் 3, திங்கள்

காலை ஆறு பத்துக்குப் பின்னறைக் கட்டிலில் படுத்து, தலைமாட்டில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கொல்கத்தாவில் இருக்கும் திருமதி லாஹிரியிடம் ஐம்பது நிமிடம் ஆங்கிலத்தில் பேசினேன். பேசும்போது அவர் முகம் எனக்குத் தெரியாது. என் உச்சந்தலைதான் அவருக்குத் தெரியும். வாரத்தில் நான்கு நாள், இது மூன்றாவது வருடம். உளப்பகுப்பாய்வாளராக வேண்டுமென்றால் முதலில் நாமே ஒருவர் முன்னால் படுத்துப் பேசியாக வேண்டும். மதுரையில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

இன்று அப்பாவைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பத்து வயதில் இறந்துவிட்டார் என்றேன். முன்பும் சொல்லியிருக்கிறேன். எல்லா விண்ணப்பங்களிலும் அப்படித்தான் எழுதுவேன். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. அடுக்களையில் அம்மா மிக்சி போட்டாள். தேங்காய்ச் சட்னி என்று நினைத்தேன், அதையும் அவரிடம் சொன்னேன். மனதில் வருவதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதுதான் விதி.

பத்தரைக்கு, நான் வாடகைக்கு எடுத்திருக்கும் மாடியறையில் இருளப்பன். எழுபத்தாறாவது அமர்வு. (நோயாளியின் பெயரை எழுதக் கூடாது. இது நான் வைத்த பெயர்.) பயிற்சி முடிய ஒருவரைக் குறைந்தது இருநூறு அமர்வுகள் பார்த்திருக்க வேண்டும். முன்பு வந்த பெண் முப்பதோடு நின்றுவிட்டாள். மேசைக் காலண்டரில் பென்சிலால் எண் போட்டு வருகிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

இருளப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்லூரிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். சென்ற வருடம் ஒருநாள் கியர் பிடிக்கும் இடது கை மரத்துப்போனது. வண்டியை ஓரங்கட்டிப் பிள்ளைகளை இறக்கிவிட்டார். அதன்பிறகு ஓட்டவில்லை. நரம்பு மருத்துவர் எல்லா ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பிவைத்தார். இப்போது பஸ் ஷெட்டில் வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறித்துவைக்கும் வேலை. காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவில் சும்மாதான் இருக்கிறார். அதனால் வாரம் நான்கு முறை வர முடிகிறது.

ஐந்து மாதமாகியும் திவானில் படுக்கவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி பேசுகிறார்.

“படுத்தா தூக்கம் வந்துரும்மா. டிரைவருக்குத் தூக்கம் ஆகாது.”

“இங்க நீங்க வண்டி ஓட்டலையே.”

“அது சரிதான். பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.”

ஜூன் 12, புதன்

வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் காயில் போய்விட்டது. ராஜவேல் ஒரு வார்த்தை கோபப்படாமல், குளிக்காமலே கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போனார். இப்படிப்பட்ட கணவர் அமைந்தது என் அதிர்ஷ்டம் என்று அம்மா நாலு முறை சொல்லிவிட்டாள்.

ஜூன் 22, சனி

சனிக்கிழமை மேற்பார்வை நாள். அமர்வு முடிந்த கையோடு நடந்ததை நினைவிலிருந்து நோட்டில் தமிழில் எழுதிவிடுவேன். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் மாற்றிப் பெங்களூரில் இருக்கும் என் மேற்பார்வையாளர் டாக்டர் வினய்க்கு அனுப்புவேன். மறுநாள் காணொளியில் இருவரும் அதை வரிவரியாகப் பார்ப்போம். என்னைவிட ஆறு வயது சின்னவர். கன்னடக்காரர். வீணாக ஒரு வார்த்தை பேச மாட்டார்.

இருளப்பன் என்னை “அம்மா” என்கிறார். நான் “மேடம்” என்று மாற்றுகிறேன். தாய் என்று எழுதினால் டாக்டர் வினய் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்.

“மொழிமாற்றத்தில் எதுவும் விட்டுப்போகவில்லையே?” என்று இன்று கேட்டார். இல்லை என்றேன். இந்த நோயாளி நிலைத்து நிற்பார் போலிருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

தொண்ணூற்றேழு. இன்று சொல்லிவிட்டார்.

பதினான்கு வருடத்துக்கு முன்பு அவர் கமுதிக்கு ஒரு தனியார் பஸ் ஓட்டினார். கண்டக்டர் அவருடைய சொந்த அண்ணன். பார்த்திபனூரில் கூட்டம். பின்படியில் ஒரு பெண் கூடையோடு ஏறிக்கொண்டிருந்தார்.

“விசில் வரலம்மா. வரலங்கிறது எனக்குத் தெரியும். பின்னாடி போட்டி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்கிறான். நாலு நிமிசம் லேட்டு. எடுத்துட்டேன்.”

பின்சக்கரம். அந்தப் பெண் அங்கேயே இறந்துவிட்டார்.

“போலீஸ் வந்துச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அண்ணன் முந்திக்கிட்டாரு. நான்தான்யா ரெட்ட விசில் குடுத்தேன், ஆளு ஏறிட்டாகன்னு நெனச்சேன்னாரு. எனக்கு மூணு பொட்டப்புள்ள. அவருக்குப் புள்ள இல்ல. அந்த ஒரு நொடியில அத நெனச்சுப் பாத்திருக்காரும்மா மனுசன்.”

அண்ணனின் கண்டக்டர் லைசென்ஸ் போய்விட்டது. கமுதியில் டீக்கடை போட்டார். இருளப்பன் அதற்குப் பிறகு கமுதிக்குப் போகவே இல்லை.

“நன்றின்னு சொல்றதா, மன்னிச்சுருன்னு சொல்றதா? ரெண்டுமே வாயில வரல. அதனால போறதையே விட்டுட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ பேசுவதுபோல, சென்ற வருடம் அண்ணனுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டதாகத் தகவல் வந்தது என்றார்.

“தகவல் வந்தது எப்போ?” என்று கேட்டேன்.

விரலை மடக்கி எண்ணினார். நிறுத்தினார். நாற்காலியோடு என் பக்கம் திரும்பி, ஆறு மாதத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். கை மரத்துப்போன அதே வாரம்.

அவர் போனபின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நோட்டில் எழுதினேன். இத்தனை வருடம் புத்தகத்தில் படித்தது என் அறையில் நடந்துவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொல்லவில்லை. கேசரி கிண்டினேன். “என்ன விசேஷம்?” என்றார் ராஜவேல். சும்மாதான் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

“அம்மா, ஒரு பத்து நாள் லீவு வேணும். கமுதிக்குப் போகணும். அண்ணனப் பாத்துட்டு வந்துடுறேன்.”

“இப்பவா?”

“இப்பத்தாம்மா. வாயில வந்துருச்சுல்ல. உங்ககிட்ட சொன்னத அவர்ட்டயும் சொல்லிட்டு வந்துடுறேன்.”

இதைப் பற்றிப் பேசுவோம் என்றேன். நேரம் முடிந்து கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் சொன்னார்: “போயிட்டு வந்துடுறேம்மா.”

மதியம் சாப்பிடவில்லை. வெயில்.

ஜூலை 13, சனி

டாக்டர் வினய்க்கு வாசித்துக் காட்டினேன். இருளப்பன் சொன்னதை “நான் கிளம்புகிறேன், அண்ணனிடம் போகிறேன்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

அண்ணனின் உடல்நிலை எப்படி, அவசரமா என்று கேட்டார். ஒரு வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது, அப்படியேதான் இருக்கிறார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: குற்றவுணர்வைப் பேச முடிகிற இடத்துக்கு வந்ததுமே மனிதர் எழுந்து போகிறார். முன்பு அண்ணனிடமிருந்து ஓடினார், இப்போது உங்களிடமிருந்து ஓடுகிறார்.

எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! இதை நானே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

நூறு.

“போக வேண்டாம்னு சொல்லல. ஆனா பதினாலு வருஷம் போகாம இருந்துட்டு, என்கிட்ட சொன்ன ரெண்டாம் நாளே போகணும்னு ஏன் தோணுது? அங்க போறதுக்கு முன்னாடி அத இங்க கொஞ்சம் பேசிப் பாப்போமே.”

வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வர முயன்று சுவரில் இடிக்கப் போனது. எப்போதும் இப்படி ஏதாவது நடந்தால் திட்டுவார். இன்று ஒன்றும் சொல்லவில்லை.

“சரிங்கம்மா. படிச்சவுக நீங்க. சொன்னா அதுல ஏதாவது காரணம் இருக்கும்.”

காலண்டரில் நூறைச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

நூற்றேழு. இரண்டு வாரமாக டயரைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும்தான் பேசுகிறார். கமுதிப் பேச்சையே எடுக்கவில்லை. முக்கியமானதைப் பேசாமல் நழுவுகிறார், எதிர்ப்பு வலுத்திருக்கிறது என்று குறிப்பில் எழுதினேன்.

அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

ஜூலை 30, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு அவரிடமிருந்து குரல்செய்தி: “அம்மா, அண்ணன் தவறிட்டாரு. நான் கமுதிக்குப் போறேன்.” பின்னணியில் பஸ் சத்தம்.

பத்தரைக்கு அறையில் போய் உட்கார்ந்தேன். நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மா தலைக்குக் குளித்து, தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், வடகம்.

டாக்டர் வினய்யிடம், நோயாளி ஒரு துக்கத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். யார் இறந்தது என்று கேட்டார். நெருங்கிய உறவு, விவரம் தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன். எனக்கு விவரம் தெரியும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அவர் வரவில்லை. போன் எடுப்பதும் இல்லை. நான் மட்டும் நான்கு நாளும் போய் அறையைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

“ஆளே வரலைங்கிற. எதுக்கு வெயில்ல போற?” என்றார் ராஜவேல்.

“அது அவரோட நேரம்.”

“அவருக்கு அது தெரியுமா?”

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திருமதி லாஹிரியிடம் இரண்டு வாரமாக மோட்டாரைப் பற்றியும் சமையலைப் பற்றியும் பேசுகிறேன். அவரும் பேசவிடுகிறார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலியான அந்த ஐம்பது நிமிடத்தில் நோட்டைப் புரட்டினேன். ஜூலை பதினொன்று. என் கையெழுத்தில் தமிழில்: “அண்ணனப் பாத்துட்டு வந்துடுறேன்.” “சொல்லிட்டு வந்துடுறேன்.” “போயிட்டு வந்துடுறேம்மா.”

மடிக்கணினியைத் திறந்து ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்தேன். கிளம்புகிறேன். போகிறேன்.

மூன்று இடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மூன்று இடத்திலும் அது இல்லை. கைதவறுதல் மூன்று முறை நடக்காது. பக்கத்துக் கடைக்குப் போகிறவன்கூடப் போயிட்டு வரேன் என்றுதான் சொல்வான். போகிறேன் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இது எனக்குத் தெரியாதா? அவர் பத்து நாள்தான் கேட்டார். திரும்பி வருவதாகச் சொல்லித்தான் கேட்டார். நான் அதை ஓடிப்போவதாக மாற்றி எழுதி, ஓடுகிறார் என்று ஒருவரைச் சொல்லவைத்து, அந்த வார்த்தையைக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தேன்.

காலண்டரில் நூற்றெட்டு வரை எண்கள். ரப்பரால் அழித்தேன். தாள் கிழிந்தது.

ஆகஸ்ட் 24, சனி

டாக்டர் வினய்யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இறந்தது அண்ணன்தான் என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“அவர் சொன்னதைத் தமிழிலேயே சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன்.

“ஹோகி பர்த்தீனி” என்றார் கன்னடத்தில். போய் வருகிறேன் என்று அர்த்தம். “வீட்டிலிருந்து கிளம்பும்போது நானும் தினமும் அதைத்தான் சொல்கிறேன். மொழிமாற்றாமல் வாசித்திருந்தீர்களானால் எனக்குப் புரிந்திருக்கும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “அவர் வாயிலிருந்து வந்த சொல் என்ன என்று நானும் கேட்டிருக்க வேண்டும். சொன்ன விளக்கம் அழகாக இருந்தது, அதனால் கேட்கவில்லை” என்றார். பிறகு, “அந்த வார்த்தையை உங்களால் ஏன் எழுத முடியவில்லை, பிரபா?”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

“என்னிடம் வேண்டாம். அதற்கான இடம் வேறு. திங்கட்கிழமை அங்கே சொல்லுங்கள்.”

ஆகஸ்ட் 26, திங்கள்

என் அப்பா இறந்துவிட்டதாக யாரும் எங்களிடம் சொன்னதில்லை. இதை எழுத மூன்று வருடம் ஆகியிருக்கிறது. மூன்றா? முப்பது.

தென்காசியில் எங்கள் வீட்டு வாசற்படியில் பழுப்பு ரெக்சின் பையோடு நின்றார். பம்பாயில் வேலை என்றார். நான் தரையில் குப்புறப் படுத்து, பள்ளிக்கூடத்துக்காக இந்திய வரைபடத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தேன். “போயிட்டு வாரேன் தாயி.” நான் நிமிரவில்லை. ‘ம்’ என்றேன். ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு படிவத்தில் இறந்துவிட்டார் என்று எழுதினேன். எழுதியதும் நிம்மதியாக இருந்தது.

இதைத்தான் இன்று காலை சொன்னேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எந்த இடத்தில் தமிழுக்கு மாறினேன் என்று தெரியவில்லை. மூக்கைச் சிந்தியபோதுதான் உறைத்தது.

“எவ்வளவு நேரம் தமிழில் பேசினேன்?”

“இருபது நிமிடம் இருக்கும்” என்றார் திருமதி லாஹிரி.

“ஏன் நிறுத்தவில்லை?”

“நீங்கள் என்னிடம் பேசிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.”

வெளியே வந்தால் அம்மா அடுக்களையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் பின்னறை. மூன்று வருடமாக நான் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தேங்காய் அரைத்தவளுக்கு இன்று ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கிறது.

“நீ எல்லாத் தாள்லயும் செத்துட்டாருன்னு எழுதுதன்னு எனக்குத் தெரியும்ட்டி” என்றாள். “ஒன்பதாப்பு டீச்சரே எங்கிட்ட வந்து துக்கம் கேட்டுட்டுப் போனா.”

“அப்பவே என்னக் கேட்டிருக்கலாம்லாம்மா?”

“கேட்டு? உனக்கு அதுதான் லேசா இருக்குன்னா இருந்துட்டுப் போட்டும்னு விட்டேன்.”

“அப்ப நீ ஏன் இன்னும் கயிறு மாத்துத?”

“எனக்குச் செத்துட்டாருன்னு யாரு சொன்னா?” காப்பியை என் கையில் வைத்தாள். “ஆறிப் போவுது. குடி.”

இருவரும் நின்றபடியே குடித்தோம். அவள் அழவில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தெரியவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

பயிற்சிக் குழுவுக்குப் பதினான்கு பக்க அறிக்கை எழுதி அனுப்பினேன். இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்தேன், தமிழ் அப்படியே, ஆங்கிலம் அப்படியே. இருநூறு என்ற எண் என் மனதில் இருந்ததையும் எழுதினேன். நோயாளியின் விருப்பத்தை நான் தடுத்ததையும் அதன் விளைவையும் எழுதினேன்.

ராஜவேல் படிக்கவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

“எழுதாம விட்டா யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது.”

“இந்த ஆள கணக்குல எடுத்துக்க மாட்டாங்களா?”

“அநேகமா மாட்டாங்க. முதல்லேருந்து இன்னொருத்தர ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷம் கூடும். பயிற்சியே வேண்டாம்னு அவங்க சொன்னாலும் சொல்லலாம்.”

“பெறகு?”

“பெறகு ஒண்ணுமில்ல. அனுப்பியாச்சு.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, அம்மாவின் கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார்.

செப்டம்பர் 9, திங்கள்

பத்து முப்பத்திரண்டுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இருளப்பன்.

மொட்டையடித்த தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கடைசி ஒரு வாரம் கேட்டுக்கிட்டே கெடந்தாராம். தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு. மதினி சொல்லுது. எனக்குப் போன் பண்ணியிருக்காக. நான் எடுக்கல. ஏன் எடுக்கல? எடுத்தா வான்னு கூப்புடுவாக. நீங்க இங்க பேசிட்டுப் போன்னு சொல்லியிருக்கீகளேன்னு எடுக்கல.”

நாற்காலியை இன்னும் இறுகப் பிடித்தார்.

“நான் இங்க ஒக்காந்து டயரப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். அங்க எங்கண்ணன் வாசலப் பாத்துக்கிட்டே செத்துருக்காரு. என்னம்மா படிச்ச நீ? ஆள் சாகக் கெடக்கறப்ப போகாதன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா?”

குரல் தெருவரை கேட்டிருக்கும். இடது கையால் நாற்காலியை இரண்டு முறை தரையில் இடித்தார். நோயாளியின் கோபத்துக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. அது சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தது.

“உங்களப் போக விடாம நிறுத்தினது தப்பு” என்றேன். “நீங்க திரும்பி வருவேன்னு சொன்னீங்க. நான் அதக் காதுல வாங்கல. உங்களுக்காகன்னு சொன்னேன். அது உங்களுக்காக இல்ல.”

“பெறகு யாருக்காக?”

இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பார்கள். கேள்வியை அவரிடமே திருப்ப வேண்டும்.

“எனக்காக.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனால் அதுவும் நியாயம்தான். கீழே பள்ளி வேன் ஒன்று நின்று கிளம்பிப் போனது.

“நேரம் எவ்வளவு இருக்கு?”

“முப்பத்தொரு நிமிஷம்.”

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஜன்னல் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை, சுவரைப் பார்த்து. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அண்ணன்ட்ட சொல்றதுக்கு இனி வழியில்ல” என்றார் கடைசியில். “என் வண்டியில அடிபட்டாகளே, அந்தப் பொம்பளைக்கு ஒரு மக இருக்கு. அப்ப சின்னப் புள்ள. இப்பக் கல்யாணம் ஆகிப் பரமக்குடியில இருக்காம். காரியத்தன்னிக்கு மதினி சொல்லுச்சு. அண்ணன் வருசா வருசம் போயிப் பாத்துட்டு வருவாராம். மதினியத் தவிர யாருக்கும் தெரியாது.”

நிறுத்தினார்.

“பஞ்சவர்ணம். அவுக பேரு பஞ்சவர்ணம்.”

நூற்றெட்டு அமர்வுகளில் இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. விசிலைப் பற்றிக் கேட்டேன். அண்ணனைப் பற்றிக் கேட்டேன். கை மரத்துப்போன வாரத்தைக் கேட்டேன்.

“அவங்களப் பத்திச் சொல்லுங்க” என்றேன்.

“மல்லிகைப்பூ யாவாரம். மதுரையில வித்துட்டு வெறுங்கூடையோட ஊருக்குத் திரும்பிப் போயிக்கிட்டிருந்தாக. பார்த்திபனூர்ல எறங்கி ஒரு வாய் டீ குடிச்சுட்டு, மறுபடி என் வண்டியில ஏறுனாக. தெனமும் அந்த வண்டிதான். ஏறும்போது என்னப் பாத்து, இன்னைக்காவது மெதுவா ஓட்டப்பான்னு சிரிப்பாக.”

அதைச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.